சீவல் பெட்டி

முகத்துவாரத்தில் படகு இழுத்த ட்ரெய்லர்.
படகு விலைப்பட்டுப் போய்
இரண்டு மாரி உப்புக்காற்றைத் தின்றபடி கிடந்தது.
தொண்ணூறாயிரம் சொன்னான்.
அச்சைச் சாவியால் தட்டினேன், மணிபோல் கேட்டது,
முகத்தைச் சுளித்து
எழுபத்திரண்டுக்கு முடித்தேன்.

பஞ்சிகாவத்தையில் நிலாம் நானா
அதை இரண்டு தரம் சுற்றி நடந்தார்.
'இதில என்ன ஏத்தப் போறீங்க?'
மரம்.
'மரமா?'
மரம்தான், சீவலாக.
'அப்ப வெத்திலைக் கடையோ' என்றுவிட்டு
வெல்டிங் கண்ணாடியை இறக்கினார்.

அளவு சிகரெட் அட்டையின் முதுகில் இருந்தது:
எட்டடி நீளம், ஐந்தடி அகலம்,
உயரம் மெஷினின் கழுத்துக்கு ஒரு சாண் கீழே.
கோண இரும்புக்குக் காசு இருந்தது,
பலகைக்கு இல்லை.
போன தேர்தலின் விளம்பரப் பலகைகள்
கிருலப்பனைக் கால்வாய் ஓரம் சாய்ந்து கிடந்தன.
வாச்சருக்கு ஒரு சோற்றுப் பார்சல்.
கும்பிட்ட கைகளையும் வரிசைப் பற்களையும்
உட்பக்கம் திருப்பி முடுக்கினோம்.
ஒருவருடைய மூக்கில் சரியாக ஒரு பொல்ட்.
வேண்டுமென்று அல்ல.

முதல் வேலை புல்லர்ஸ் வீதியில்.
வைகாசிக் காற்றில் பாதி முறிந்த மாரா;
மீதிப் பாதியைப் பந்துல மேலிருந்து அறுத்து இறக்க
நான் மெஷினுக்கு ஊட்டினேன்:
கிளை, இலை,
கம்பியை உருவியெடுத்த காக்கைக் கூடு,
எந்த வருடத்துப் பட்டத்தினதோ வால்.

மெஷின் துப்பியது பெட்டிக்குள் போனது.
போன வேகத்தில் திரும்பியும் வந்தது.
என் சட்டைக்குள்,
பள்ளிக்கூட வேனுக்குள்,
கை காட்டி நின்ற பொலிஸ்காரரின் தொப்பி மேல்,
கல்யாண வீட்டில் யாரோ
அட்சதையை மூட்டையோடு கொட்டியதுபோல்.
தண்டச்சீட்டு எழுதி முடிக்குமுன்
மூன்று தரம் தும்மினார்.

நானா போனில் கேட்டார்:
'மேல மூடியிருக்கா?'
ஓம்.
'நாலு பக்கமும்?'
ஊசி போகாது நானா.
'அப்ப காத்து எங்க போகும்?'

மரத்தின் கனம் பார்த்தேன், ஈரம் பார்த்தேன்,
கூட வரும் காற்றை
ஒரு சரக்காக எண்ணவில்லை.

அன்றிரவே முன்பலகையின் மேற்பாதியை வெட்டினோம்.
கும்பிட்டவரின் நெற்றி போனது.
அந்த இடத்தில் மீன்வலை, சின்னக் கண், இரண்டு மடிப்பு.
மிஞ்சிய வலையை அடியில் விரித்தான் பந்துல,
ஏனென்று சொல்லவில்லை.
மறுநாள் சீவல் உள்ளே தங்கியது.
காற்று மட்டும் பச்சை மணத்தோடு
வலையூடாக நடந்து போனது.

ஏற்றியாயிற்று. இறக்குவது?
மட்டக்குளியில் பூக்கன்று விற்கும் பிலோமினாவின் வளவு.
மழையில் சீவல் ஊறி
டயர் பாதி அமிழ்ந்து நின்றது.
கையை விட்டுப் பார்த்தேன்,
நடுவில் சூடு, காய்ச்சல்காரனின் அக்குள் மாதிரி.
மண்வெட்டியால் வாரினால் விடிந்துவிடும்.

பந்துல வலையின் நுனிகளைச் சேர்த்துக் கட்டினான்.
கயிற்றை அசையாத ஒன்றில் மாட்டு,
வண்டியை முன்னே எடு,
அவ்வளவுதான் என்றான்.
அசையாத ஒன்று.
மின்கம்பம் ஏற்கெனவே சாய்ந்திருந்தது.
மதில் புதிது, பூச்சு காயவில்லை.
வளவின் மூலையில் ஒரு மாரா நின்றது.

சாக்கை நாலாய் மடித்து
அதன் இடுப்பில் சுற்றினான்,
கயிறு பட்டையை அறுக்கக்கூடாதாம்.
காலையிலிருந்து
இதே சாதியை அறுத்த கை.

முதல் கியர். கயிறு இறுகியது.
மரம் தலையிலிருந்த மழையைக் கொஞ்சம் உதறியது,
வேறெதுவும் செய்யவில்லை.
கண்ணாடியில் பார்க்கிறேன்:
பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி
முழுசாய் நழுவி இறங்கி
நடு வளவில் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

'கறையான் வராதா?' என்று கேட்கிறார் பிலோமினா.
பந்துல இன்னும்
சாக்கை அவிழ்க்கவில்லை.