ஐஸ் அறையில் ஒரு கணப்பு

ஆர்டர் கொடுத்தவர் மன்னவனூர்க்காரர்.
விடியும்போது முட்டைக்கோஸ் மேல்
உப்புத் தூவினதுபோல் பனி கிடக்குமாம்.
வீட்டுக்குள் வைக்க
கரி தின்னும் கணப்பு ஒன்று வேண்டும்.

எங்கள் பட்டறை திங்கள்சந்தையில்.
மாதம் மே.
யாரும் பற்றவைக்காமலே
தகரக் கூரையின் கீழ் நாற்பது டிகிரி.
இதில் அடுப்பின் சூடு எது, ஊரின் சூடு எது,
எப்படிப் பிரித்து எழுத?

"குளச்சலுக்கு விடு வண்டிய" என்றாள் பெனடிக்டா.

ஐஸ் பிளாண்டின் கடைசி அறை.
"உருகுற கட்டிக்குத் தனியா காசு" என்றார் முதலாளி.
மீன்பெட்டிகளை ஒதுக்கி
இரும்பை இறக்கினோம்.
ஆறங்குலப் புகைக்குழாய் ஜன்னல் வழி வெளியே.
தூத்துக்குடி லாரியில் வந்த நிலக்கரி
இரண்டு சாக்கு.

சிரட்டைக் கரி மாதிரி இல்லை இது.
முதலில் பிணங்கும்,
ஊதச் சொல்லும், இன்னும் ஊதச் சொல்லும்,
பிடித்துவிட்டால்
விடியும்வரை விடாது.

இரண்டாம் இரவு
குழாய்த் தகட்டை முழுதாக மூடிப் பார்த்தேன்.
மலையில் அப்படித்தான் மூடுவார்கள்,
கரி மிச்சமாகட்டும் என்று.
மீட்டர் கத்தியது.
வாசனை இல்லை, புகை இல்லை,
எண் மட்டும் ஏறிற்று:
நாற்பது. தொண்ணூறு. நூற்றறுபது.
கதவை உதைத்து வெளியே விழுந்தோம்.
கடற்காற்றை
சோறு போல் அள்ளி அள்ளித் தின்றோம்.

விடியுமுன்
தகட்டில் கால்வாசியை வெட்டி எறிந்தாள்.
இனி யார் மூடினாலும் அது மூடாது.
கஞ்சத்தனத்துக்கும்
மூச்சுவிட வழி வேண்டுமே.

மூன்றாம் நாள்
ஐஸ் உடைக்கிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
சிரித்தார்கள்.
பிறகு ஒவ்வொருவராய்
கையை நீட்டினார்கள்.
"லேய், இது கொள்ளாமே!"

தொபியாஸ் மட்டும் போகவில்லை.
இருபத்திரண்டு வருடம் ஐஸ் உடைத்த கை.
திருப்பித் திருப்பிக் காட்டினார்,
அப்பளம் சுடுவதுபோல.
"இந்த விரலு இருக்கதே மறந்துபோச்சு, பாத்துக்கோ.
இப்பம் குத்துது."

வீட்டுக்கு ஒன்று செய்து தரவா என்றேன்.
"வீட்டுலயா?
நான் ராத்திரி மொட்டைமாடியில
ஈரத் துண்டு விரிச்சு கெடக்கேன்."

அறிக்கை அனுப்பினோம்.
மைனஸ் நான்கிலிருந்து பதினெட்டு.
நேரம் ஒன்றரை மணி.
கரி மூன்று கிலோ.
குறிப்பு: சுண்டுவிரல், இடதுகை, சரியாகிவிட்டது.

மன்னவனூரிலிருந்து போன் வந்தது.
எல்லாம் புரிகிறதாம்.
"அந்தச் சுண்டுவிரல்ங்கிறது
கணப்புல எந்த பார்ட்டுங்க?"