ஒப்பீட்டுக் குழு

முதல் துளையை ஆட்டுத் தாடையில்தான் போட்டேன்.
பேராதனையில் மழை. ஹமீது நானா
இறைச்சிக்கடையிலிருந்து பையில் கட்டித் தந்த எட்டுத் தாடை.
நாற்பத்தேழு பாகைக்கு மேலே சூடேறினால்
எலும்பு செத்துப்போகும் என்று படித்திருந்தேன்.
தண்ணீர் விட்டு விட்டுத் துளைத்தேன்.
பிறகு பதினாறு வருசம்
வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை.
சூடேறாமல் துளைக்கப் பார்த்தேன்.

கிளிநொச்சியில் தந்த அறையில்
ஒரு கதிரை, ஒரு விளக்கு,
வரும் என்று சொல்லப்பட்ட ஒரு ஜெனரேற்றர்.
நாற்பத்தொரு நோயாளிகள்.
தை மாசியில் ஒருவரும் வரமாட்டார்கள், அருவிவெட்டு.
அட்டவணையில் ‘தொடர்பில் இல்லாதோர்’ என்று எழுதுவேன்.
பஸ்ஸில் போகையில் பார்ப்பேன்,
தொடர்பில் இல்லாதோர் வயலில் குனிந்து நிற்பார்கள்,
ஒருவர் கதிரோடு கை காட்டுவார்.

யூஜினா, முழங்காவில்,
கீழ்த்தாடை இடப்பக்கம், இரண்டு திருகு.
தையல் பிரித்த அன்று அவ கேட்டது ஒன்றுதான்:
“கச்சான் கடிக்கலாமோ?”
புத்தகத்தில் அதற்கு விடை நியூட்டனில் இருந்தது.
பருப்பைக் கடியுங்கோ, கோதைக் கையால உடையுங்கோ என்றேன்.

படத்தில் நான் வைத்த திருகு வெள்ளை.
இரண்டு விரல் தள்ளி
நான் வைக்காத ஒன்றும் வெள்ளை, குறுணல் அளவு.
இது எப்ப என்று கேட்டால்
ஆரும் திகதி சொல்வதில்லை.
“அது சுதந்திரபுரம்.”
“மேல இருக்கிறது தேவிபுரம். கீழதான் மாத்தளன்.”
கலியாணத்துக்கு வந்தவர்களை ஊர்வாரியாக
இருத்திவைத்த மாதிரி.

என் டைட்டேனியத்தை
எலும்பு மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. மூன்று மாதம்.
செல்துண்டைப் பிடிக்கவில்லை. சுற்றிவர
மெல்லிய நாரால் வேலி அடைத்து
உள்ளே விட்டிருந்தது.
அந்த வித்தியாசத்துக்குத்தான்
எனக்குக் கலாநிதிப் பட்டம் தந்தார்கள்.

கட்டுரை திரும்பி வந்தது.
இரண்டாம் மதிப்பீட்டாளர் பண்பானவர்.
சுவாரசியமான ஆய்வு, ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை என்றார்.
அதே வயது, அதே கிணற்றுத் தண்ணீர்,
அதே சாப்பாடு, காயமில்லாத தாடை.
நாற்பது பேர் போதுமாம்.

மல்லாவியில் தேடினேன், ஒலுமடுவில் தேடினேன்,
சங்கக்கடை வரிசையில் நின்று கேட்டேன்.
ஒன்பது பேர் வந்தார்கள்.
மூன்றாவது ஆள் தர்மகுலராசா, தபாற்காரர்.
“எனக்கொண்டும் நடக்கேல்லை டொக்டர்” என்று
பெருமையாகத்தான் கதிரையில் ஏறினார்.
எலும்பு முழுசு. முரசு நல்ல சிவப்பு.
பல்லுகள்தான்
சீவுளி போட்ட பலகை மாதிரித்
தட்டையாய்த் தேய்ந்து கிடந்தன.
நித்திரையில் நெருமுகிறாராம்.
மனிசி பாயை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்ப்
பத்து வருசமாம்.

ஒன்பது பேரில் ஏழு பேர் அப்படி.
எட்டாவது ஆளுக்குப் பல்லே இல்லை.
ஒன்பதாவது பெடியன் லண்டனில் பிறந்தவன்,
லீவுக்கு வந்தவன், படிவத்தில் பொய் வயது போட்டவன்.

மதிப்பீட்டாளருக்கு எழுதினேன்:
இப்பிரதேசத்தில் காயமில்லாத தாடை எது என்பதை
எங்களால் வரையறுக்க முடியவில்லை.
அந்த வசனத்தை அடிக்குறிப்புக்கு இறக்கினால்
ஏற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.
இறக்கினேன்.
எட்டுப் புள்ளி எழுத்தில், நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில்
இன்னும் இருக்கிறது.

தபாற்காரருக்கு இரவுக் கவசம் செய்து கொடுத்தேன்.
நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம்.
இன்னொன்று செய்தேன்.

நேற்று யூஜினா வந்தா. பன்னிரண்டாம் வருடப் பரிசோதனை.
எலும்பு அரை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது,
ஏற்கத்தக்க அளவு.
திருகைத் தட்டிப் பார்த்தேன், கணீரென்றது.
வாய் கொப்பளிக்கச் சொல்லித் திரும்பினால்
என் கருவித் தட்டில்,
கண்ணாடிக்கும் சாமணத்துக்கும் நடுவில்
கச்சான் கோது ஒரு கை.
“பல்லாலதான் உடைச்சனான்” என்றா.
குறிப்பேட்டில் எந்த நிரலில் போடுவதென்று
இன்னும் யோசிக்கிறேன்.