பத்தாவது எருது

இரண்டு மணி நேரத்துக்கென்று இறங்கினேன்.
பலகையில் நான்கு எழுத்து,
டிக்கெட் பரிசோதகர் வாயில் ஒரே அசை: லான்.
நடுவிலிருந்த ஓ
மேடேறும்போது எங்கோ விழுந்திருக்கும்.

ஊர் மேலே. ரயில் நிலையம் கீழே.
பேருந்து கண்ணெதிரே போனது.
படிகளை எண்ணத் தொடங்கி
நூற்றுச் சொச்சத்தில் மூச்சு கணக்கைக் கைவிட்டது.

நிமிர்ந்தால், கோபுரத்தில் மாடுகள்.

புனிதர்கள் நிற்கவேண்டிய உயரத்தில்
தூண்களுக்கிடையே கழுத்தை நீட்டிக்கொண்டு,
கீழே யாரோ பேர்சொல்லி அழைத்ததுபோல.
பதினாறு என்கிறது கையேடு.
என் கண்ணுக்கு அகப்பட்டவை ஒன்பது.
பேராலயத்துக்குக் கல் இழுத்து இந்த மேடேறியவையாம்.
கட்டியவர்கள் நன்றிக்கடனை இப்படித் தீர்த்தார்கள்:
இன்னும் உயரமாய் ஏற்றிவிட்டார்கள்.
எண்ணூறு வருடமாய் இறக்கிவிட ஆளில்லை.

வாசலுக்கு நாற்பது அடி இருக்கும்.
சந்தை அடைத்துக்கொண்டு நின்றது
ஒரு துணிதுவைக்கும் இயந்திரம்.
லாரி உள்ளே வராது;
கழுதைக்கு அளவெடுத்துப் போட்ட சந்து.
முன்னால் ஃபோதே, வார்ப்பட்டையைத் தோளில் மாட்டி.
பின்னால் ரெஷிஸ்,
ஒவ்வொரு பாவுகல்லுக்கும் தனித்தனி வசவு.
மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கிஸ்லேன் கத்தினாள்:
"மெதுவா! மெதுவா!"

மெதுவாக.
விடுப்பெடுத்து, கடன் வாங்கி,
அந்தச் சொல்லைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தவள் நான்.
ரெஷிஸின் முட்டியில் அது எழுபது கிலோ.

ஃபோதே உதவி கேட்கவில்லை.
கண்ணால் ஒரு மூலையைக் காட்டினான்.
கேமராவை முதுகுக்குத் தள்ளிவிட்டுப் பிடித்தேன்.

திருகுப்படி. கைப்பிடிக்குப் பதில் கயிறு.
ஒவ்வொரு படியும் நடுவில் கரண்டியாய்க் குழிந்து.
எதையெதைத் தூக்கிப் போனார்களோ
பீப்பாய், தொட்டில், கோதுமை மூட்டை,
சவப்பெட்டி மட்டும் இறங்குவழியில்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கியது.
சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே
என் விரல், என் தோள், யாருடையதோ வியர்வை.
அங்கேயே நின்றபடி ரெஷிஸ் கதை சொன்னான்:
கல்வண்டியில் ஒரு மாடு பாதியில் விழுந்ததாம்.
எங்கிருந்தோ வெள்ளை எருது ஒன்று வந்து
நுகத்தில் கழுத்தை வைத்ததாம்.
உச்சி வந்ததும் காணாமல் போனதாம்.
"கூலி வாங்காமலா?" என்றான் ஃபோதே.
"அப்படியானால் கட்டுக்கதைதான்."

சிரித்ததில் யாருடைய பிடியோ தளர்ந்தது.
இயந்திரம் ஓர் அங்குலம் தானாய்த் திரும்பி
வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

கிஸ்லேன் ஒரு வாரத்து அழுக்கை உடனே உள்ளே திணித்தாள்.
வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டுமாம்.
நால்வரும் நின்றோம், கையில் சைடர்.
வட்டக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது.
நீலம், சிவப்பு, மறுபடி நீலம்,
பள்ளிக்கூடச் சட்டையின் மஞ்சள்.
யாரும் பேசவில்லை.
ரெஷிஸ்கூடத் தொப்பியைக் கழற்றியிருந்தான்.

அதற்குள் பேராலயத்தைச் சாத்திவிட்டார்கள்.
ரோஜா ஜன்னலை உள்ளிருந்து நான் பார்க்கவில்லை.
ஆறு மணி ரயில் அடிவாரத்தில் கூவிப் போனது;
கோப்பை நடுங்கியது, கை என்னுடையதாக இல்லை.

கிஸ்லேனின் ஜன்னல் சட்டத்துக்குள்
மழையில் நனைந்தபடி ஒரு எருது,
என் கணக்கில் இல்லாதது.
அவள் அதற்குப் பேர் வைத்திருக்கிறாள்.
கேட்டேன்.
சொல்லமாட்டாளாம்.

பத்து.