பயனாளிகள்

எங்கள் இறால் தீவன ஆலையின்
போர் தண்ணீர் உப்புக் கரித்த வருஷம்தான்
மீட்டிங்கில் முதன்முதலாக
தர்மம் என்ற சொல் அடிபட்டது.

தலைஞாயிறு போகும் வழியில் ஒரு குளம்.
ஆகாயத்தாமரையை வாரிப்போட்டு
மூன்றடி வண்டல் எடுத்து
மதகுக்குப் புதுப் பலகை மாட்டினோம்.
அதைவிடப் பெரிய பலகையில்
கம்பெனி பெயர்.

"ஒங்களுக்கு இதுல என்ன சார் கெடைக்கும்?"
சேற்றுக்கூடையை இறக்காமலே கேட்டாள் அஞ்சுகம்.
சட்டம், நற்பெயர், இரண்டு சதவீதம்
எல்லாம் வாய்வரை வந்தது.
"எங்க போர்லயும் நல்லதண்ணி ஊறணும்ல" என்றேன்.
"அப்பன்னா சரி,
அடுத்த வருசமும் தூர்வார வருவீங்க."

ஐப்பசியில் குளம் தளும்பியது.
அறிக்கையில்
பயனாளிகள் என்ற கட்டத்தில்
நானூற்றுப் பன்னிரண்டு என்று நிரப்பினேன்.
அடித்துவிட்டு
பதிமூன்று ஆக்கினேன்.