பழுப்பு நூல்

கொழும்பில் பயிற்சி முடிந்த மத்தியானம்
சான்றிதழோடு ரப்பர் முலை ஒன்றும் தந்தார்கள்,
அட்டைப் பெட்டியில்.
"உள்ளுக்கை கேக்கோ பிள்ளை?" என்றார்
ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர்.
ஓம் என்றேன்.
கொடிகாமம் வரைக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் திறந்தால் இளஞ்சிவப்பு.
இங்கே ஒருத்திக்கும் இல்லாத நிறம்.

கஸ்தூரியார் வீதியில்
பழுப்பு பழுப்பாய் நூல் பொறுக்கினேன்.
பனங்கட்டி, புளியந்தோடு,
ஆறிப்போன தேத்தண்ணி.
"இந்த வெக்கைக்கை ஆருக்கு சுவெட்டர்?"
கடைக்காரர் சிரித்தார்.
ஆருக்கென்று எனக்கும் அன்று தெரியாது.

ஜெசிந்தாவுக்கு மூன்று நாளாய்ச் சுறாப்புட்டு.
குருநகரிலிருந்து சட்டியோடு மாமியார்.
பிள்ளை இன்னும் வீரிடுகிறது.
சுறாவில் பிழையில்லை மாமி,
பிள்ளையின் வாய்தான் நுனியோடு நிற்கிறது.
நூல் முலையைக் கையில் ஏந்தி
கறுத்த வட்டமும் வாய்க்குள் போகவேணும் என்றேன்.
அவ வாங்கித் திருப்பிப் பார்த்து
"பின்னல் வடிவாயிருக்கு" என்றா.

சோனகத் தெரு நுஸ்ரா திரை கேட்டாள்.
விடுதித் திரை தோய்க்கப் போய் இரண்டு மாதம்.
போர்வையின் இரு மூலை பிடித்து
நாற்பது நிமிடம் நானே திரையாய் நின்றேன்
முகத்தைச் சுவருக்குக் கொடுத்து.
முதுகுக்குப் பின்னால்
முதல் மிடறு விழுங்கும் சத்தம்.
பிறகு இரண்டு நாள் தோள்மூட்டில் நோ.

என் சிங்களம் பஸ்ஸுக்குக் காணும்,
பாலுக்குக் காணாது.
நோகுதா என்று திலானியிடம் கேட்டேன்.
அழுதபடியே என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

துளசிகா சட்டையைத் திறக்கவில்லை.
இடப்பக்கம், ஒன்பது வயதில், செல்துண்டு.
அதற்குமேல் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
"ஒண்டு காணுமோ அக்கா?"
இரட்டைப்பிள்ளைக்காரி ஆளுக்கொரு பக்கம்தானே கொடுக்கிறாள்?
அவள் யோசித்தாள்.
கணக்குச் சரியென்று கண்டதும்
வலப்பக்க ஊசியைக் கழற்றினாள்.
அன்றிரவு ஒரு முலையின் நடுவே
பின்னலைக் குறுக்காய்ச் சுருக்கித் தழும்பு வைத்தேன்.
அவிழ்த்து அவிழ்த்து நாலாம் தரம்தான் சரிவந்தது.

கடைசிக் கட்டிலில் இருந்தவளின் பெயரை எழுதமாட்டேன்.
தொட்டிலை எடுத்துப்போய்விட்டார்கள்.
மூன்றாம் நாள் பால் வந்தது.
அதற்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.
பால் வரவைக்க அறுநூறு பக்கம் படித்தேன்.
நிறுத்த அரைப் பக்கம்.
திருநெல்வேலிச் சந்தையில் கோவா வாங்கி
குளிரவைத்த இலையை ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கொடுத்தேன்.
நாங்கள் ஒன்றும் பேசவில்லை.
இலை வாடியது, மாற்றினோம்,
வாடியது.
"கறிக்கு மிஞ்சுமோ?" என்று கேட்டாள்.
சிரித்தாளா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நீ ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்பவர்களுக்கு
நான் வங்கியில் இருந்த கதையைச் சொல்லுவேன்.
நெஞ்சு கல்லாகி, காய்ச்சலோடு,
பால்மாப் பேணியின் ஈயத்தாளைக்
கரண்டிக் காம்பால் குத்திய இரவைச் சொல்லமாட்டேன்.
பேணியில் வளர்ந்தவளுக்குப் பன்னிரண்டு வயது.
என்னைவிட உயரம்.
அதே பேணியில்தான் பென்சில் வைத்திருக்கிறாள்.

நேற்று மேசையில் பரப்பிவைத்த ஏழையும்
விரலால் அமத்தி அமத்திப் பார்த்தாள்.
"இதிலை உங்கடை எது?"
பதில் வாயில் வரமுதல் போன் அடித்தது.
அராலியிலிருந்து யாரோ தகப்பன்,
பின்னால் பிள்ளையின் அழுகை.
பெயரைக் கேட்டு எழுத
பேணியிலிருந்து ஒரு பென்சில் எடுத்தேன்.