தொண்ணூறு டெரா

விடியற்காலை மூன்று பத்துக்குப் புகார் வருகிறது.
'ஒரு பீட்டாபைட்டுக்குக் காசு கட்டியிருக்கிறோம்.
திரையில் தொள்ளாயிரத்து ஒன்பது டெராதான் தெரிகிறது.
மிச்சத் தொண்ணூறு எங்கே?'
அனுப்பியவர் கோ பெங் ஹுவாட்.
தூங்காத மனிதர்,
அல்லது தூக்கத்திலும் கணக்குப் பார்ப்பவர்.

தை செங்கில், ஜன்னலே இல்லாத ஆறாவது மாடி.
இங்குள்ள குளிர் இயந்திரங்களுக்காகப் போட்டது.
அதன் ஓரத்தில் நாங்கள் ஒண்டியிருக்கிறோம்.
ரொஸ்னா சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு
காயா ரொட்டியைப் பிய்த்து நீட்டுகிறாள்.
'திருடிட்டியா?' என்கிறாள்.
'பாதி உனக்கு' என்கிறேன்.

பதில் எழுத உட்கார்கிறேன்.
ஐயா, பெட்டியை விற்றவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணினார்கள்.
இயந்திரத்துக்கு விரல் இரண்டே.
அது ஒன்றில் தொடங்கி
இரட்டித்து இரட்டித்துப் பத்தாம் முறை மூச்சுவிடும் இடம்
ஆயிரத்து இருபத்து நான்கு.

(விரலை அழித்துவிட்டேன்.
மேலதிகாரிக்கும் இதன் நகல் போகும்.)

கிலோவில் இந்தப் பிசகு வெறும் இருபத்து நான்கு பைட்,
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
மெகாவில் நூற்றுக்கு ஐந்து.
கீகாவில் ஏழைத் தாண்டும்.
டெராவுக்கு வரும்போது பத்து;
உங்கள் தொண்ணூறு, ஐயா, அந்தப் படிக்கட்டில்தான் நிற்கிறது.
எக்ஸாவுக்குப் போனால் பதினைந்து.
ஏற ஏற இடைவெளியும் கூடவே ஏறும்.

படிக்கட்டு என்றதும் ஒன்று.
எங்கள் பழைய புளோக்கில் மின்தூக்கி
ஒன்று, ஐந்து, ஒன்பது என்று தாவித்தான் நிற்கும்.
வீடு ஏழில்.
நான் ஐந்தில் இறங்கி ஏறுவேன்.
அக்கா ஒன்பதுக்குப் போய் இறங்கி வருவாள்,
ஏறினால் முட்டி தேயுமாம்.
ஒரே கதவுக்கு முன்னால் மூச்சிரைத்தபடி ஒருத்தி,
அலுங்காமல் ஒருத்தி.
வீடு தூரமா கிட்டவா என்று
எங்களுக்குள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பெரிய எண்களுக்கு ஒரு காலத்தில் நம்மவர்கள்
பூப்பெயர் வைத்திருந்தார்கள்.
குவளை, ஆம்பல், தாமரை.
அதற்கும் மேலே எண்ண முடியாமல் போனபோது, வெள்ளம்.
கோ பெங் ஹுவாட்டின் பீட்டாவைத் திறந்து பார்த்தேன்.
யீஷூனில் ஒரு வாகன நிறுத்துமிடம்,
பதினொரு மாதம், அறுநூறு கேமரா.
பெரும்பாலும் யாரும் வராத மஞ்சள் கோடுகள்.
ஒரு பூனை.
மழை ஒழுகும் தூண் ஒன்று, வெவ்வேறு தேதிகளில்.

அக்காவின் குரல்பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது.
நாற்பத்தைந்து வினாடி.
வீட்டை விற்ற அன்று அனுப்பியது.
'சாவியை சப்பாத்து அலமாரியில வச்சிருக்கேன்,
இடது பக்கம், அந்த கிழிஞ்ச சப்பாத்துக்குள்ள.'
பிறகு கொஞ்சம் இருமல்,
யாரிடமோ 'இதோ வர்றேன்' என்றது,
அணைக்க மறந்து பைக்குள் உரசும் சத்தம்.
அவ்வளவுதான்.
பெர்த்திலிருந்து அவள் அதற்குப் பின் பேசவில்லை.
நானும்தான்.

அளவு தொண்ணூறு கிலோபைட்.
காணாமல் போனதாகச் சொல்லும் தொண்ணூறு டெராவில்
இதை நூறு கோடி முறை வைக்கலாம்.
தொடர்ந்து ஓடவிட்டால்
ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல்
அக்கா சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நான்கு மணிக்குப் பதிலை அனுப்பினேன்.
உடனே ஒரு வரி வந்தது:
'அப்படியானால் எதுவும் தொலையவில்லை?'
இம்மியும் இல்லை, ஐயா.
எண்ணிய கை வேறு, அவ்வளவே.

ஆறே முக்காலுக்கு வெளியே வந்தால்
மழை விட்டிருந்தது, கால்வாய் நிறையத் தண்ணீர்.
பேருந்தில் உட்கார்ந்து பதிவைத் தேடினேன்.
கணினியில் தொண்ணூறு என்று இருந்ததைக்
கைத்தொலைபேசி எண்பத்தெட்டு என்கிறது.
காரணம் எனக்குத் தெரியும்.
இரவெல்லாம் அதைத்தானே எழுதினேன்.

இருந்தாலும்,
இருமல் இருக்கிறதா என்று
ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டேன்.