தண்ணீர் விடப்பட்டது

காங்கேயத்தில் ஒரு பள்ளியின் ஓவிய அறையை
விசாரணைக்கு ஒதுக்கியிருந்தார்கள்.
கரும்பலகையில் யாரோ பாதி வரைந்த பூசணிக்காய்.
அழிக்க வேண்டாம் என்றேன்.
அன்றைக்கு நான் இட்ட முதல் உத்தரவு அது.
உடனே நிறைவேறியதும் அது ஒன்றுதான்.

பதினொரு மனுக்கள்.
எரியாத விளக்கு, எரிகிற குப்பை,
எல்லைக்கோட்டில் செத்த நாய்
எந்த வார்டுக்குச் சேரும் என்பது.
ஏழாவது, மயிலாத்தாள்.
தேங்காய்க் களத்தில் பருப்புக் காயப்போடுகிறவர்.
இங்கே வந்ததால் போன ஒரு நாள் கூலியையும்
மனுவின் ஓரத்தில் புதிதாக எழுதிவந்திருந்தார்.

"பன்னண்டு நாளைக்கு ஒருக்கா வருதுங்.
அதும் ராத்திரி ரண்டு மணிக்கு.
கொடத்துல சத்தங் கேக்குதான்னு
காத வெச்சுட்டே தூங்கோணும்."

நகராட்சி தன் பதிவேட்டை நீட்டியது.
ஒன்றுவிட்டு ஒரு நாள், காலை ஆறு முதல் ஏழரை.
தண்ணீர் விடப்பட்டது. தண்ணீர் விடப்பட்டது.
பக்கம் பக்கமாக
விடப்பட்டது.
யார் விட்டார் என்று சொல்லாத வினை.
முப்பது வருடம் நானும் அதில்தான் கோப்பு எழுதினேன்.
பார்த்ததும் தெரிந்துவிடுகிறது,
நம் பழைய சட்டையை
இன்னொருவர் போட்டு வருவதைப்போல.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே கையெழுத்து:
சென்னியப்பன்.
கூப்பிடச் சொன்னேன்.
வால்வு திறக்கும் சாவியோடு வந்தார்,
இடுப்புயர இரும்பு, தலையில் குறுக்குக் கம்பி.
வெளியே சாத்திவிட்டு வரச் சொன்னதற்கு
"களவு போனா எஞ்சம்பளத்துல புடிப்பாங்" என்று
காலிடுக்கில் நிறுத்திக்கொண்டார்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள்
காலை ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?
முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.
"தாராபுரந் தாண்டி நடந்துட்டு இருந்தேனுங்.
பழனிக்கு. இது பதினாலாவது வருசம்.
கொப்புளம் இன்னும் ஆறுல, பாருங்."
செருப்பைக் கழற்றப்போய்
பாதியில் நின்றார்.

ஆணையர் தன் பேனா மூடியைத் தேடினார்.
பதிவேட்டில் அந்தக் காலை ஆறு மணிக்கும்
தண்ணீர் விடப்பட்டிருந்தது.

"மூணு வார்டுக்கும் நான் ஒருத்தனுங்.
தொட்டில முக்கா அடி இருக்கறப்ப
எதைத் தொறக்கறது?
மாசக் கடைசில நோட்டக் குடுப்பாங்.
ஒட்டுக்காப் போட்டுக் குடுத்துருவேன்.
எழுதறது ஆரோ.
பேரு மட்டும் எம்படது."

மயிலாத்தாள் நாற்காலியைத் திருப்பினார்.
பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை
இருட்டில் நின்று வைத ஆள்
இவ்வளவு ஒல்லியாக இருப்பார் என்று நினைத்திருக்கவில்லை போலும்.
"ஏனுங், உங்க ஊட்டுக்கு எப்பத் தண்ணி?"
"நம்மூட்டுக்கும் பன்னண்டுதானுங்."

நடுவருக்குச் சட்டம் கொடுத்திருப்பது
காது இரண்டு, கை அரை.
கேட்கலாம். பரிந்துரைக்கலாம்.
ஆகவே சொன்னேன், தட்டச்சர் அடித்தார்:
நாளும் நேரமும் தெருவில் பலகையாக வைக்க.
தண்ணீர் பிடித்தவர் ஒருவரும்
பதிவேட்டில் கையெழுத்திட.
சென்னியப்பன் மேல் நடவடிக்கை கூடாது.
நோட்டை எழுதியவர் யார், முப்பது நாளில் அறிக்கை.
கூலி இழப்புக்கு விதியில் இடமில்லை என்றார் எழுத்தர்.
பயணச்செலவு என்று போடுங்கள், ஐந்நூற்று இருபது ரூபாய்.
"தண்ணீர் விடப்பட வேண்டும்னு முடிச்சரட்டுங்களா?"
இல்லை. ஆணையர் தண்ணீர் விட வேண்டும்.
அவர் அதை அடிக்க
கொஞ்சம் நேரமெடுத்தார்.

முப்பத்தோராம் நாள் ஒரு கடிதம் வந்தது.
தங்கள் உத்தரவு பரிசீலிக்கப்பட்டு வருகிறது.

அதே வாரம் மயிலாத்தாள் போனில் பேசினார்.
களத்திலிருந்து, பின்னால் காக்கை விரட்டும் சத்தம்.
"இப்ப எட்டு நாளைக்கு ஒருக்காங்.
பலகை வெக்கல. நோட்டு மட்டும் வருது,
நாந்தான் கையெழுத்துப் போடறேன்.
போன வெசாழன் தண்ணி வல்லீங்.
ஆபீசுக்காரர் வந்து போடச் சொன்னாரு.
போடலீங்.
அந்தக் கட்டம் சும்மா கெடக்குது."